ஏத்தியாச்சுண்ணா!

ஆலங்காயத்தில் ஒருவர் ஜவ்வாது மலைத் தேனையும் சாமையையும் வெப்சைட் போட்டு விற்கக் கிளம்பினால், இரண்டு பேர் தயவு வேண்டும். ஒருவர் மலையில் தேனெடுப்பவர். இன்னொருவர் வெப்சைட் 'ஏத்துறவர்'. தேனெடுப்பவராவது போனை எடுப்பார்.

ஏத்துறவருக்குப் பகலெல்லாம் ஜெராக்ஸ், பட்டா, சிட்டா. ராத்திரிதான் கோப்பேற்றும் மென்பொருளான ஃபைல்ஜில்லாவைத் திறப்பார். திரை இரண்டாகப் பிரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் தேன் கடைக்காரருக்குப் பாடம் தொடங்கும். "இடது பக்கம் இருக்கிறது ஆலங்காயம். வலது பக்கம் அமெரிக்கா." சர்வர் மும்பையில்கூட இருக்கலாம். ஆனால் அமெரிக்கா என்றால் ஐந்நூறு ரூபாய் சேர்த்துக் கேட்கலாம்.

இடப்பக்கக் கோப்பை மௌஸால் இழுத்து வலப்பக்கம் 'பப்ளிக் எச்டிஎம்எல்' ஃபோல்டரில் போடவேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்கு அவர் முகத்தில் ஏறும் இறுக்கம், பக்கத்துக் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கியைத் திருப்புகிறவர்களுக்குக்கூட வராது.

"ஏத்தியாச்சுண்ணா."

கடைக்காரர் போனில் பார்த்தால் தேன் பாட்டில் படத்தைக் காணோம். வெப் பக்கத்தில் எழுதியிருப்பது சின்ன எழுத்து 'ஜேபிஜி', ஏற்றிய கோப்பில் பெரிய எழுத்து. ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரின் விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வரின் லினக்ஸுக்கு வேறு வேறு. இது ஏத்துறவருக்கும் தெரியும். ஆனாலும், "சர்வர் டவுன்ணா" என்பார். நடுவில் கரண்ட் போய்ப் பாதியில் நின்ற கோப்புகள் திரையின் அடியில் வரிசைகட்டும்போது, முழங்கை தற்செயலாக அந்த இடத்தை மறைக்கும்.

"இந்த எஃப்டிபி நம்ம ஆளு செஞ்சதுண்ணா" என்றும் சொல்வார். நம்பலாம். கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்த அபய் பூஷண்தான் 1971 ஏப்ரலில், எம்ஐடியில் இருந்தபோது, கோப்புகளை அனுப்பும் அந்த நெறிமுறையின் முதல் வரையறையை எழுதினார். அப்போது வெப்சைட் என்ற ஒன்றே பிறக்கவில்லை.

பாஸ்வேர்டு விஷயத்தில்தான் ஆள் சாமானியத்தில் மசியமாட்டார்.

"தம்பி, அந்தப் பாஸ்வேர்டைக் குடேன். என் பையனே பாத்துக்குவான்."

"செக்யூரிட்டிண்ணா. ஓனரா இருந்தாலும் குடுக்கக் கூடாது."

ஒருநாள் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் பற்றி ஏதோ எச்சரிக்கை வந்து தொந்தரவு செய்ததென்று, 'சாதா எஃப்டிபி மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்து வைத்தவர் இவர்தான். பாதுகாப்பற்றது என்று ஃபைல்ஜில்லாவே அதன் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து ஓனருக்குத் தராத பாஸ்வேர்டு, பூட்டில்லாமல் 21ஆம் போர்ட் வழியாக அப்பட்டமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் ஒட்டுக்கேட்பவன் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். 22ஆம் போர்ட்டில் எஸ்எஃப்டிபி என்று ஒன்று, எல்லாவற்றையும் மறைத்து அனுப்பக் காத்திருக்கிறது. அந்தப் பக்கம் இவர் போவதில்லை; புதுசாகத் தொட்டால் நின்றுவிடுமாம்.

ஏற்கெனவே இருக்கும் கோப்பின் மேல் எழுதட்டுமா என்று மென்பொருள் கேட்கும். கேட்காமலே மேலே எழுதிவிடும்படி செட்டிங்ஸில் என்றைக்கோ மாற்றிவைத்துவிட்டார். அதனால் ஆடி மாதம் போன் நம்பர் மாற்றப்போனவர், தன்னிடமிருந்த தைமாதப் பக்கத்தைத் தூக்கிப் புதுசின் மேல் போட்டுவிடுகிறார்.

"தம்பி, பழைய வெலையில ஆர்டர் வருது. பொங்கல் தள்ளுபடின்னு வேற போட்டிருக்குது!"

"பொங்கலை எடுத்துட்டு ஆடின்னு போட்டுடறேண்ணா. ஐந்நூறு அனுப்புங்க."