மண்வெட்டியும் பேனாவும்

கேள்வி: மாத்தளை மாவட்டத் தொண்டு நிறுவனங்களில் நாள் முழுக்க அப்படி என்னதான் வேலை? (வாசகர், ரத்தோட்டை)

பதில்: 1958இல் ஏ.டி. ஆரியரத்ன சர்வோதய இயக்கத்தைத் தொடங்கியபோது தொண்டர்கள் கையில் மண்வெட்டி; இன்று பேனாவும் சேர்ந்துகொண்டது. தோட்டத்திலிருந்து வரும் அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழில் 'லெச்சுமி', அடையாள அட்டையில் 'லட்சுமி'. இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி எழுத வேண்டும், கிராம சேவகரைப் பார்க்க வேண்டும், பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். சாமிக்கு ஆயிரம் திருநாமம் இருக்கலாம். சேமலாப நிதி வாங்க ஒரே பெயர்தான்! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதுவரை நாடற்றிருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை தந்தது. அந்த உரிமையை வீடுவரை கொண்டு சேர்ப்பவர், பொறுமையாகப் படிவம் நிரப்பித் தரும் தொண்டர். அவருக்கு என் வணக்கம்.