மாப்ள செய்த மாரியோ

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தெருவில் மாரியோவை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நிண்டெண்டோ என்ற பெயர் ஒருவருக்கும் தெரியாது. சென்னை பர்மா பஜாரிலிருந்து சித்தப்பா விருதுநகருக்கு வாங்கி வந்த பெட்டி, 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபாமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியின் உரிமமில்லாத நகல். அதில் செருகுவதை நாங்கள் கேசட் என்போம். மேலே 9999 விளையாட்டு என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பவை சிலதான். அவையே வேறு பெயரில், வேறு கட்டத்திலிருந்து தொடங்குவதாகத் திரும்பத் திரும்ப வரும். எதில் கை வைத்தாலும் கடைசியில் மாரியோவுக்கே வந்து நிற்போம்.

அந்த விளையாட்டை உண்டாக்கியவர்கள் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெசுகா என்பதும், இசை கோஜி கோண்டோ என்பதும், 1985 செப்டம்பரில் அது வெளிவந்தது என்பதும் வளர்ந்தபின் படித்துத் தெரிந்துகொண்டவை. மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. நிரலுக்கு 32, படங்களுக்கு 8. வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம். நிறம் மட்டும் மாறும். எட்டு கிலோபைட்டில் ஓர் உலகத்தை வரைய வேண்டியவர்கள் அப்படித்தான் சிக்கனம் பிடித்தார்கள்.

இந்தத் தீபாவளி விடுமுறைக்கு அக்கா மகன் கோவையிலிருந்து மடிக்கணினியோடு வந்தான். பொறியியல் படிக்கிறான். கோடோ என்ற இலவச மென்பொருளில், கல்லூரி நேரம் போக மிச்ச நேரத்தில், மாரியோவின் முதல் கட்டத்தை அப்படியே திரும்பச் செய்திருந்தான். "மாமா, நீங்க அந்தக் காலத்து ஆளு. மறைக்காமச் சொல்லுங்க," என்று என் முன்னால் வைத்தான்.

படங்கள் அழகாக இருந்தன. புதரை ஒரு மாதிரியும் மேகத்தை வேறு மாதிரியும் இலை இலையாக வரைந்திருந்தான். பின்னணியில் இருந்த மலைப் படம் ஒன்றே அந்தப் பழைய விளையாட்டின் 40 கிலோபைட்டைத் தாண்டும். காசு எடுக்கும்போது வரும் ஒலியைத் தன் கீபோர்டில் தானே வாசித்துப் பதிந்திருந்தான். நன்றாக இருக்கிறது என்று முதலில் அதைத்தான் சொன்னேன். பிறகு குதிக்கும் பொத்தானை அழுத்தினேன். அந்த ஒரு குதியில் என் விரல்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அவன் மாரியோ பலூனாக மிதந்தது. மேலே போக எவ்வளவு நேரமோ கீழே வரவும் அவ்வளவு நேரம். பொத்தானைத் தட்டினாலும் அழுத்திப் பிடித்தாலும் ஒரே உயரம். "புவியீர்ப்புன்னு ஒரே ஒரு எண்தான கொடுத்திருக்க?" என்றேன். ஆமாம் என்றான். இயற்பியல் பாடத்தில் படித்ததைத்தான் செய்திருந்தான். மேலே எறிந்த பொருள் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமம். மாரியோ அந்தப் பாடத்தின்படி குதிப்பதில்லை.

அசலில் புவியீர்ப்பு இரண்டு. நின்ற இடத்திலிருந்து குதித்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஏறும்போது மாரியோவைக் கீழே இழுக்கும் விசைக்கு நிரலில் உள்ள எண் 32. விரலை எடுத்த நொடியிலோ, உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போதோ அது 112 ஆகிவிடுகிறது. மூன்று மடங்குக்கும் மேல். அதனால்தான் ஏறும்போது பையன் லேசாக இருக்கிறான், இறங்கும்போது கல்லாக விழுகிறான். வேகமாக ஓடிவந்து குதித்தால் அந்த எண்கள் 40, 144 என்று மாறுகின்றன. தரையை விட்டுக் கிளம்பும் வேகமும் கூடுகிறது, அதனால் ஓட்டத்தில் எழுகிற குதி இன்னும் உயரம் போகும். அந்தரத்தில் இருக்கும்போதே முன்னும் பின்னும் திருப்பலாம். உலகத்தில் எந்த உடம்புக்கும் இது முடியாது. ஆனால் எங்கள் கட்டைவிரல்களுக்கு அது அத்தனை இயல்பாக இருந்தது, அதில் ஒரு கணக்கு இருக்கிறது என்று நாங்கள் நினைத்ததே இல்லை. பள்ளத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பது எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். இன்றும் எனக்கு அது மறக்கவில்லை. அதனால்தான் அவன் பொத்தான் என்னை ஏமாற்றியது உடனே உறைத்தது.

நிற்பதிலும் இதே குறை. அசல் மாரியோ ஓட்டத்திலிருந்து சட்டென்று நிற்க மாட்டான். சறுக்குவான், எதிர்ப்பக்கம் அழுத்தினால் கால் தேய்த்துத் திரும்புவான். அந்தச் சறுக்கலைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு குழாயின் மேலும் இறங்க வேண்டியிருக்கும். மாப்ளயின் மாரியோ விரலை எடுத்ததும் ஆணி அடித்தபடி நின்றது. ஓடுவதில் இருந்த ஆபத்து போய்விட்டால், மெல்ல நடப்பதற்கும் காரணம் போய்விடுகிறது.

அடுத்தது கடிகாரம். இதை அவன் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. முதல் கட்டம் 400 என்ற எண்ணோடு தொடங்கும். குறைந்துகொண்டே வந்து 100-ஐத் தொடும்போது இசை வேகம் பிடிக்கும். அவன் அதை 400 நொடி என்று எடுத்துக்கொண்டு, நொடிக்கு ஒன்றாகக் குறைத்திருந்தான். ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாலும் நேரம் மிச்சம் இருந்தது. அசலில் 24 ஃபிரேமுக்கு, அதாவது திரையில் படம் 24 முறை புதுப்பிக்கப்படுவதற்கு, ஒருமுறை ஓர் எண் குறையும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஜப்பானில் 400 என்பது 160 நொடிதான்.

எங்கள் ஊரில் அதுவும் கிடையாது. அன்றைய நம் தொலைக்காட்சி நொடிக்கு 50 முறை படத்தைப் புதுப்பிக்கும் வகை. இங்கே விற்ற நகல் பெட்டிகளும் அதற்கேற்பச் செய்தவை. அந்த விளையாட்டோ நடை, குதி, கடிகாரம், கோண்டோவின் இசை என எல்லாவற்றையும் ஃபிரேம் கணக்கில் எண்ணுவது. ஆகவே எங்கள் வீட்டு மாரியோ ஜப்பானிய மாரியோவின் வேகத்தில் ஆறில் ஐந்து பங்கில்தான் ஓடினான். எங்களுக்கு 400 என்பது 192 நொடி. நாங்கள் இன்றும் முணுமுணுக்கிற அந்தப் பாட்டு, கோண்டோ நினைத்ததைவிட நிதானமான பாட்டு. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குப் பெரிய சந்தோஷம். ஒரு விருதுநகர் வீட்டில் ஓடிய நகல் பெட்டிக்கு அதற்கென்று ஒரு தாளகதி இருந்திருக்கிறது. மாப்ளயிடம், "60 வைக்கிறியா 50 வைக்கிறியா, அது உன் இஷ்டம். ஆனா எதையாவது ஒண்ணை வச்சு எல்லாத்தையும் அதுலேயே எண்ணு," என்றேன்.

அதற்குப் பிறகு கட்டத்தின் அமைப்பு. அங்கேதான் எனக்கு உண்மையான வருத்தம்.

முதல் காளானை எடுத்துக்கொள்வோம். கேள்விக்குறிக் கட்டையை முட்டினால் காளான் மேலே வந்து, வலப்பக்கம் நகர்ந்து, தரையில் விழுந்து, எதிரே இருக்கும் பச்சைக் குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கி வரும். சற்று முன்னால்தான் கூம்பா என்ற எதிரி வந்து கொன்றிருக்கும், அல்லது கொல்லப் பார்த்திருக்கும். அதே உருவச் சாயலில் ஒன்று வந்தால் புதிதாக ஆடுபவர் பயந்து குதிப்பார்; தலைக்கு மேலே கட்டைகள் இருப்பதால் குதி தடைபட்டுக் காளான் மேலேயே இறங்குவார். உடம்பு பெரிதாகும். காளான் நல்லது என்று ஓர் எழுத்தும் இல்லாமல் கற்றுக்கொள்வார். மியாமோட்டோ பேட்டியிலேயே இதை விளக்கியிருக்கிறார். அந்தக் கூம்பாவும் கடைசி நேரத்தில் சேர்த்ததுதான். ஆமையை முதல் எதிரியாக வைத்தால் புதியவருக்குக் கஷ்டம் என்று அதைவிட எளிதான ஒன்றை உருவாக்கினார்கள். ஆங்கிலமோ ஜப்பானியமோ வாசிக்கத் தெரியாத நாங்கள் அந்த விளையாட்டைக் கற்றது இப்படித்தான். மாப்ளயின் காளான் கட்டைமேலேயே அசையாமல் நின்று மினுமினுத்தது. போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கட்டத்தின் கடைசிப் பக்கம் இரண்டு ஜோடிப் படிக்கட்டுகள் வரும். முதல் ஜோடிக்கு நடுவே தரை இருக்கும். தவறினால் விழுந்து மறுபடி ஏறலாம். இரண்டாவதற்கு நடுவே பள்ளம்; தவறினால் உயிர் போகும். முதலில் ஒத்திகை, அப்புறம் தேர்வு. இவன் இரண்டுக்கும் நடுவே பள்ளம் தோண்டிவிட்டான்.

"ஒண்ணு சும்மா கிடந்துச்சு மாமா, போரடிச்சது."

"அது சும்மா இல்ல மாப்ள. அங்கதான் உனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க."

திரையின் அகலம் பற்றியும் சொன்னேன். அசலில் ஒரு நேரத்தில் 16 கட்டை அகலம் மட்டுமே தெரியும். இவன் இன்றைய அகலத் திரை முழுக்க நிரப்பியிருந்தான். கூம்பா வெகுதூரத்தில் கிளம்பும்போதே தெரிந்துவிடுகிறது. இதே ஆசையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் 2013-இல் ஃபுல் ஸ்கிரீன் மாரியோ என்று ஒன்றை வெளியிட்டார். உலாவியிலேயே ஆடலாம், புதிய கட்டங்களும் அமைக்கலாம். நிண்டெண்டோ சட்டப்படி அறிவிப்பு அனுப்பி அதை நிறுத்தியது. 2019-இல் இன்னொருவர் ஏழாண்டு உழைத்து, கமோடோர் 64 என்ற எண்பதுகளின் கணினியில் சூப்பர் மாரியோவை அச்சுப் பிசகாமல் ஓட வைத்தார். அதற்கும் சில நாட்களிலேயே அறிவிப்பு வந்தது.

எங்கள் காலத்தில் நகல் கேசட்டுகளைப் பஜார் பஜாராகக் கூடையில் குவித்து விற்றார்கள். ஒரு வரிகூட சொந்தமாக எழுதாதவர்கள் அதில் சம்பாதித்தார்கள். எங்கள் தெருவுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. இன்று ஒவ்வொரு குதியையும் தானே எழுதி, காசு வாங்காமல் கொடுக்கிற பையனுக்கு வருகிறது. இது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனால் அவன் கல்லூரி முடித்து வேலை தேடப் போகிறவன். அவன் முதல் படைப்பு நீக்கப்பட்ட பக்கமாக இருக்கக் கூடாது என்பதும் எனக்கு அதே அளவுக்கு முக்கியம்.

செகா என்ற இன்னொரு விளையாட்டு நிறுவனம் வேறு வழியில் போனது. தன் சோனிக் விளையாட்டை ரசிகராகத் தானே திரும்ப எழுதிக் காட்டிய ஆஸ்திரேலியர் கிறிஸ்டியன் வைட்ஹெட்டைக் கூப்பிட்டு 2011-இல் சோனிக் சிடியையும், 2017-இல் வேறு ரசிகர்களோடு சேர்த்து சோனிக் மேனியாவையும் செய்ய வைத்தது. அப்படிப்பட்ட அழைப்பை எதிர்பார்த்து உட்கார முடியாது. ஆனால் வைட்ஹெட் காட்டியதில் ஒன்று உண்டு. படத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம். அவர் அந்த ஓட்டத்தையும் உருளலையும் சரியாகப் பிடித்திருந்தார். சட்டம் பிடிப்பது படத்தை, இசையை, நிரலை, பெயரை. ஏறும்போது லேசு, இறங்கும்போது கனம் என்ற யோசனையை ஒருவரும் தடுக்க முடியாது. 2015-இல் நான்கே நாளில் சிறிதாகச் செய்யப்பட்டு 2018-இல் முழு விளையாட்டாக வந்த செலெஸ்ட்டில், பொத்தானைப் பிடித்திருந்தால் உச்சியில் புவியீர்ப்பு பாதியாகக் குறையும். மாரியோவின் தொப்பி எங்கும் இல்லை.

"அப்ப நான் வரைஞ்சதெல்லாம் வீணா மாமா?" என்றான். வீணில்லை, தனியாக எடுத்து வை என்றேன். முதலில் ஒரு சாம்பல் நிறச் சதுரம், வெறும் கட்டைகள், ஒரு பள்ளம். அந்தச் சதுரத்தைக் குதிக்க வைத்தே பத்து நிமிடம் ஆட ஆசை வருகிறதா என்று பார். வந்தால் அதற்குப் பிறகு நம் ஊர் ஆளாக வரைந்துகொள், நம் ஊர்க் கூரையிலும் கிணற்றுமேட்டிலும் ஓடவிடு.

கோவைக்குத் திரும்பிப் போய் அந்தச் சதுரத்தை அனுப்பியிருக்கிறான். விழும் கனம் இப்போது சரியாக இருக்கிறது. தட்டினால் சின்னக் குதி, பிடித்தால் பெரிய குதி. படிக்கட்டுகளுக்கு நடுவே தரையையும் திரும்பப் போட்டுவிட்டான். ஓடிவந்து இறங்கும்போது மட்டும் சறுக்கல் ஒரு கட்டை தூரம் அதிகமாகப் போகிறது. அதைக் குறைத்து மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.