நம் நலம் நாடும் கல்லாப்பெட்டி

நம் உடம்பின் மீது நமக்கே இல்லாத அக்கறை தமிழக அரசாங்கத்துக்கு இருக்கிறது. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். மண்டை உடையக் கூடாதாம். குட்காவுக்குத் தடை, வாயில் புற்று வரக் கூடாதாம். 1987 முதல் கள்ளுக்கும் தடை. எவனாவது எதையாவது கலந்துவிட்டால் குடிமக்களின் குடல் என்னாவது? எல்லை தாண்டினால் கேரளத்தில் அதே கள் கடையில் விற்கிறது. மலையாளியின் குடல் வேறு சரக்கு போலும்.

கலப்படமில்லாத, அரசு முத்திரை குத்திய கேடு வேண்டுமென்றால் பகல் 12 மணிவரை பொறுக்க வேண்டும். அரசு மதுக்கடையான டாஸ்மாக் திறந்துவிடும். 1983ல் மொத்த வியாபாரத்துக்குத் தொடங்கிய கம்பெனி, 2003ல் சில்லறை வியாபாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டது. தனியாரிடம் விட்டால் ஜனங்கள் கெட்டுப்போவார்களே! கெடுப்பதையும் பொறுப்போடு செய்ய அரசை விட்டால் யார் இருக்கிறார்கள்?

2023-24ல் வருமானம் 45,855 கோடி ரூபாய். சட்டமன்றத்தில் இந்தக் கணக்கை வைப்பவர் மதுவிலக்குத் துறை அமைச்சர். நீங்கள் சிரிக்கலாம், அவர் சிரிப்பதில்லை.

கம்பிவலை ஓட்டைக்குள் பணத்தை நீட்டினால் ஒரு குவார்ட்டர் வெளியே வரும். எம்ஆர்பிக்கு மேல் 10 ரூபாய் கேட்டால் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். லேபிளில் மது உயிருக்குக் கேடு என்று எச்சரிக்கையும் உண்டு. குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் அடுத்த திருப்பத்தில் போலீஸ் மிஷினை நீட்டும். சிக்கினால் 10,000 ரூபாய். இந்த முனையில் ஊற்றிக் கொடுப்பதும் அரசு, அந்த முனையில் ஊதச் சொல்வதும் அரசு. திருவள்ளுவர் தினத்தில் கடைக்கு லீவு. கள்ளுண்ணாமை எழுதிய மனிதருக்கு வருஷத்தில் ஒருநாள் மரியாதை போதாதா?

மூடச் சொல்லிக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? கடை வாசலில் உட்கார்ந்த பெண்களைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். காந்தியவாதி சசிபெருமாள் 2015ல் ஒரு கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறினார், உயிரோடு வீடு திரும்பவில்லை. அதன் பிறகும் ஆட்சிகள் மாறின, கல்லா மட்டும் மாறவில்லை.

குடிப்பதும் குடிக்காததும் அவனவன் பாடு என்றால், கள் இறக்கிய பனையேறியின் மேல் போட்ட வழக்கை வாபஸ் வாங்குங்கள். குடிமகனைக் காப்பது உங்கள் கடமை என்றால், முதலில் உங்கள் கடையைச் சாத்துங்கள். இரண்டும் முடியாதென்றால், செய்வது வியாபாரம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். சாராய வியாபாரி எங்களுக்கு ஆரோக்கியப் பாடம் நடத்த வேண்டாம்.