வாலும் வரியும்

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்க்க பெங்களூரிலிருந்து மாமா வந்தார். முதலில் அவருடைய காரின் மூக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமா வந்தார். வால் அப்போதுதான் அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டியிருக்கும்.

1959ஆம் வருஷத்து செவர்லே இம்பாலா. நீளம் 5.3 மீட்டருக்கும் மேல். பின்பக்கம் வௌவால் சிறகு விரித்த மாதிரி இரண்டு செட்டைகள். முன்சீட்டு எங்கள் வீட்டுத் திண்ணையைவிடப் பெரிது. மூன்று பேர் உட்கார்ந்து சீட்டாடலாம். ஸ்டியரிங் இடது பக்கம் இருப்பதால் டீக்கடைக்காரர் கிளாஸை நேராகக் கையில் கொடுத்துவிடுவார். லாரியை முந்தும்போதுதான் சங்கடம். வலது பக்கம் இருக்கும் மாமி தலையை நீட்டிப் பார்த்து, "இப்போ போங்கோ" என்று உத்தரவு தரவேண்டும்.

பக்கத்தில் என் கார். செடான் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்த பாட்டி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஏன் சாமி, உன் வண்டிய பின்னால யாரு இடிச்சது?" என்றார்.

வரி இடித்தது பாட்டி. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். சின்னக் கார் என்றால் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. எஞ்சின் பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500. அதன்பிறகு செடான்கள் வரிசையாகப் போய் வாலைக் கத்தரித்துக்கொண்டன. 2008இல் 4.16 மீட்டராகப் பிறந்த ஸ்விஃப்ட் டிசையர், 2012இல் 3.995 மீட்டராக மறுபிறவி எடுத்தது. அந்த 5 மில்லிமீட்டரை ஏன் விட்டுவைத்தார்களோ! பம்பரில் சேறு ஒட்டினால் அளவு கூடிவிடுமே என்ற பயமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் கதை நேர் எதிர். ஜெனரல் மோட்டார்ஸில் கார்களுக்கு உருவம் கொடுத்த ஹார்லி ஏர்ல் ஒரு போர் விமானத்தின் வாலில் சொக்கிப்போனார். 1948 கேடிலாக்கில் சின்னதாக ஒன்று முளைத்தது. வளர்ந்து வளர்ந்து 1959இல் உச்சிக்குப் போனது. அதனால் காலணா பிரயோஜனம் கிடையாது. அதே 1959இல்தான் இந்த வீட்டில் பிறந்தவர், எண்பது வயதில், பர்மிட் லைசென்ஸ் ராஜ்யத்தை எதிர்த்து சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். காருக்கு வால் எவ்வளவு நீளம் என்று சர்க்கார் அளப்பதைப் பார்த்திருந்தால் கல்கியில் ஒரு கட்டுரை எழுதியிருப்பார்.

கிளம்பும்போது இம்பாலா இருமிவிட்டு நின்றது.

"பெட்ரோல் இருக்கா மாமா?"

"முள் பாதின்னு காட்டறதே!"

"எப்போதிலிருந்து?"

"எண்பத்தி நாலுலேர்ந்து."

என் காரில் ஓசூர் பங்க்குக்குப் போனோம். ஏறியதும் கார் பெல்ட் போடச் சொல்லிக் கத்தியது. "யாரது, உன் ஆத்துக்காரியா?" என்றார் மாமா. திரும்பும்போது, நர்சரியில் வாங்கிய ரோஜாச் செடிகள் டிக்கியை அடைத்திருந்ததால் கேனுக்கு இடமில்லை. மாமா அதை மடியில் வைத்து, அதற்கும் சேர்த்து பெல்ட் போட்டுக்கொண்டார்.