சீல் மாற்றியும் கசிகிறதே!

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி பழைய பைக்கின் முன் ஃபோர்க் பற்றியே. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, முழு இடத்தையும் அதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: அப்பா ஓட்டிய 1994 மாடல் ஆர்எக்ஸ் 100. ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆயில் சீல் மாற்றியும் முன் ஷாக் கசிகிறது. மெக்கானிக் “டூப்ளிகேட் சீல், அதான்” என்கிறார். ஒரிஜினல் சீல் எங்கே கிடைக்கும்? (காரைக்குடி வாசகர்)

பதில்: சீலைத் தேடிப் போகும் முன் பைப்பைத் தடவிப் பாருங்கள்.

சீல் என்பது ரப்பர் உதடு. அதை இறுக்கிப் பிடிக்க உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் வளையம். இந்த உதடு மேலும் கீழும் வழுக்கி ஓடுவது குரோம் பூசிய பைப்பின் மேல். குரோமில் குண்டூசி முனை அளவுக்குத் துருப்பள்ளம் விழுந்திருந்தாலும் போதும், வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அதன் விளிம்பு ரப்பரை அரம்போல் ராவிவிடும். ஒரிஜினல் சீல் போட்டால் இரண்டு மாதம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

பைப்பைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறான். ஆனால் எல்லாப் பள்ளமும் கெடுதல் செய்யாது. சீல் போய்வரும் பகுதியில் இருந்தால்தான் வம்பு. அந்தப் பகுதியைக் கண்டுபிடிக்க, பைப்பில், தூசி உள்ளே போகாமல் தடுக்கும் டஸ்ட் சீலுக்கு மேலே ஒரு ரப்பர் பேண்டை இறுக்கமாகச் சுற்றிவிட்டு, வழக்கமான சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். அது எவ்வளவு உயரம் தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை சீலின் ராஜ்யம். அதற்கு மேலே, பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்குள் மறைந்திருக்கும் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒன்றிரண்டு சின்னப் பள்ளம் என்றால் வீட்டிலேயே சரிசெய்யலாம். 1000, பிறகு 2000 எண் வாட்டர் பேப்பரை எண்ணெய் தொட்டு, பைப்பைச் சுற்றித் தேயுங்கள். நீளவாக்கில் தேய்த்தால் கோடுகள் விழுந்து, அந்தக் கோடு வழியே எண்ணெய் ஏறும். பள்ளத்தில் துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி பசை நிரப்பி, காய்ந்ததும் குரோமோடு சமமாகும்வரை தேய்த்துவிடுங்கள். குரோம் உரிந்து செதில் செதிலாக வந்தால் இந்த வைத்தியம் செல்லாது. புதுப் பைப் வாங்குங்கள், அல்லது ஹார்ட் குரோம் செய்யும் பட்டறையில் கொடுங்கள். பழைய பூச்சை எடுத்து, புதிதாகப் பூசி, பழைய விட்டத்துக்கே கிரைண்டிங் செய்து தருவார்கள். பம்பருக்கும் மட்கார்டுக்கும் போடும் பளபளப்புக் குரோம் இதற்கு ஆகாது. அது அழகுக்கான மெல்லிய பூச்சு.

ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே முடிந்துவிட்டது. இன்று ஓடும் கடைசி வண்டிக்கும் வயது கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. பைப் துருப்பிடித்திருந்தால் அது இயல்பு. அதைப் பார்க்காமலே சீல் மாற்றுவதுதான் தவறு.

சீல் வாங்கும்போது அதன் மேல் அச்சாகியிருக்கும் மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், உயரம், மூன்றும் மில்லிமீட்டரில். அதே அளவில் பேரிங் கடையில் சுழலும் ஷாஃப்டுக்கான சீலை நீட்டினால் வாங்காதீர்கள். ஃபோர்க் சீலின் உதடு மேலும் கீழும் ஓடும் வேலைக்காகச் செய்யப்பட்டது.

கேள்வி: லேசான கசிவுதான். அப்படியே ஓட்டலாமா? (செங்கல்பட்டு)

பதில்: கூடாது. கசியும் எண்ணெய் இறங்கி வருவது முன் சக்கரத்துக்கு. பிரேக் லைனிங்கில் அது ஏறிவிட்டால், நீங்கள் பிடிக்கும் நேரத்தில் பிரேக் பிடிக்காது.

கேள்வி: பிரிக்காமலே கசிவை நிறுத்த வழி உண்டா? (தேனி)

பதில்: சில நேரம் உண்டு. காய்ந்த சேறும் மணலும் உதட்டுக்கு அடியில் சிக்கினாலும் எண்ணெய் வரும். டஸ்ட் சீலை மேலே தூக்கி, அடியைத் துடைத்துவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு பட்டை வெட்டி அதன் முனையில் சிறு கொக்கி அமைத்துக்கொள்ளுங்கள். பைப்புக்கும் சீலுக்கும் நடுவே மெதுவாக நுழைத்து, ஒரு சுற்றுச் சுற்றி இழுங்கள். அழுக்கு வந்து, கசிவும் நின்றால் அதிர்ஷ்டம். ஒரு வாரத்தில் மறுபடி கசிந்தால் பிரித்தே ஆக வேண்டும்.

கேள்வி: எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அப்புறம் எதற்கு எண்ணெய்? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

பதில்: ஸ்பிரிங்குக்குத் துள்ளத் தெரியும், நிறுத்தத் தெரியாது. ஒரு மேட்டில் ஏறி இறங்கினால் அது ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டத்தில் டயர் தரையை விட்டு விட்டுத் தொடும். தரையைத் தொடாத டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஹேண்டில்பாரும் கிடையாது. உள்ளே இருக்கும் டேம்பர் ராடில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன. ஃபோர்க் அமுங்கும்போதும் விரியும்போதும் எண்ணெய் அவற்றின் வழியே பிதுங்கித்தான் போயாக வேண்டும். அந்தச் சிரமம்தான் ஆட்டத்தை அடக்குகிறது. வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை உங்கள் திரவ இயக்கவியல் பாடத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

எண்ணெயால் அடங்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைத் தயாரிப்பு வண்டியில் முதலில் கொண்டுவந்தது பிஎம்டபிள்யூ, 1935-இல், ஆர்12 மாடலில். இன்று உங்கள் தெருவில் நிற்கும் பழைய ஸ்பிளெண்டரின் ஃபோர்க்கிலும் அதே அடிப்படைதான் வேலை செய்கிறது.

கேள்வி: எங்கள் ஊரில் ஃபோர்க்குக்கு இன்ஜின் ஆயில்தான் ஊற்றுகிறார்கள். “கெட்டியா இருந்தா ஷாக் நல்லா இருக்கும்” என்கிறார்கள். சரியா? (திருவண்ணாமலை)

பதில்: கையால் அமுக்கிப் பார்க்கும்போது நன்றாக இருக்கும். சாலையில் இருக்காது.

பல ஜப்பானிய வகை வண்டிகளுக்குச் சொல்லப்படுவது 10W ஃபோர்க் ஆயில். 40 டிகிரி சூட்டில் அதன் பாகுத்தன்மை சுமார் 30 சென்டிஸ்டோக். 20W-40 இன்ஜின் ஆயிலோ அதே சூட்டில் 100-ஐத் தாண்டும். மூன்று மடங்குக்கு மேல் கெட்டியான ஒன்றை அதே துளை வழியே போகச் சொல்கிறீர்கள். நெடுஞ்சாலையில் ஊருக்கு முன்னால் வரிசையாக ஐந்தாறு சின்னத் தடைகள் போட்டிருப்பார்களே, அதில் ஏறிப் பாருங்கள். முதல் தடையில் அமுங்கிய ஃபோர்க் விரிந்து முடிக்கும் முன்பே இரண்டாவது வந்துவிடும். மூன்றாவது, நான்காவது என்று போகப் போக ஃபோர்க் கீழேயே தங்கிவிடும், அதிர்ச்சி முழுதும் உங்கள் மணிக்கட்டுக்கு வரும்.

சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்குக் கையேடே இன்ஜின் ஆயிலைச் சொல்லும். அங்கே அதையே ஊற்றுங்கள். 1970-களின் ஹோண்டா வண்டிகள் பலவற்றுக்கு ஏடிஎஃப் எனப்படும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயைச் சொல்லியிருந்தார்கள். அது 10W ஃபோர்க் ஆயிலுக்குப் பக்கத்தில் வரும், இன்றும் நம்பி ஊற்றலாம். ஒரு எச்சரிக்கை: ஃபோர்க் ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் ‘W’ எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

எண்ணெயின் அளவு வண்டிக்கு வண்டி வேறு, கையேட்டில் இருக்கும். அதைவிட முக்கியம் இரண்டு காலிலும் மட்டம் ஒன்றாக இருப்பது. எண்ணெய் ஊற்றி, நிதானமாகப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் இழுத்துக் காற்றை வெளியேற்றிவிட்டு, ஸ்பிரிங் இல்லாமல் ஃபோர்க்கை முழுதும் அமுக்கி, பைப்பின் வாயிலிருந்து எண்ணெய் மட்டம்வரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மேலே மிஞ்சும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஒரு காலில் கூடுதலாக ஊற்றினால் அந்தக் கால் மட்டும் கடைசியில் முரண்டு பிடிக்கும்.

கேள்வி: பழைய ஸ்பிளெண்டர். ஃபோர்க்கின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைத் திருகினால் உள்ளே எல்லாமே சேர்ந்து சுற்றுகிறது. கழற்றவே முடியவில்லை. (திருச்சி)

பதில்: வீட்டில் பிரிக்கிற முக்கால்வாசிப் பேர் நிற்கிற இடம் இது. அந்த போல்ட் பிடித்திருப்பது டேம்பர் ராடை. ராடை யாரும் பிடிக்காவிட்டால் அதுவும் கூடவே சுற்றும். பிடிக்கவேண்டிய ஆள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்: ஸ்பிரிங். மேல் மூடியைத் திறக்கும் முன்பே, ஸ்பிரிங் அழுத்தம் இருக்கும்போதே, இந்த போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும்.

நீங்கள் பிரித்துவிட்டீர்கள் என்றால் ஸ்பிரிங்கையும் மூடியையும் மறுபடி போடுங்கள். ஃபோர்க்கைத் தலைகீழாகத் தரையில் ஒரு மரக்கட்டை மேல் நிறுத்தி, ஒருவர் பாட்டத்தை, அதாவது பைப் நுழையும் கீழ்க் காலைப் பிடித்துத் தன் எடை முழுதும் வைத்து அமுக்க, மற்றவர் ஆலன் கீயில் குழாய் மாட்டி வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பட்டும். மெதுவாகத் திருப்பினால் ராடும் கூடச் சுற்றும். வெடுக்கென்று திருப்பினால் விட்டுவிடும். அதற்கும் அசையாவிட்டால் டயர் கடையில் காற்று கன்னால் ஒரு விநாடி போதும். அதுவும் இல்லாத ஊரில், மாப் கட்டையின் முனையைக் கூம்பாகச் சீவி, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மேலிருந்து டேம்பர் ராடின் தலையில் அடித்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். திரும்ப மாட்டும்போது காப்பர் வாஷர் புதிது, மரையில் இரண்டு சொட்டு திரெட் லாக்கர்.

மேல் மூடியைத் திறக்கும்போது முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். கடைசி மரை விட்டதும் ஸ்பிரிங் அதைத் தூக்கி எறியும்.

கேள்வி: சீல் அடிக்க ஸ்பெஷல் டூல் இல்லை. (தூத்துக்குடி)

பதில்: பிவிசி பைப் துண்டும் பழைய சீலும் போதும். பழைய சீலை எடுக்கும்போது டயர் லிவருக்கு அடியில் துணி மடித்து வையுங்கள். பாட்டம் அலுமினியம், விளிம்பு சட்டென்று காயப்படும். புது சீலில் ஸ்பிரிங் தெரியும் பக்கம் கீழே, எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். பைப்பின் மேல் முனையில் பிளாஸ்டிக் கவரைப் போர்த்தி, எண்ணெய் தடவி, அதன் மேல் சீலை இறக்குங்கள். கூர் விளிம்பு உதட்டைக் கிழிக்காது. பிறகு பழைய சீலை அதன் மேல் கவிழ்த்து, பிவிசி துண்டால் சமமாகத் தட்டுங்கள். உட்கார்ந்ததும் சத்தம் மாறும், லாக் வளையத்துக்கான வரி முழுதாகத் தெரியும்.

உங்களுடையது உப்புக்காற்று ஊர். பைப்புக்கு ரப்பர் பூட் போட்டுவிடுங்கள். குரோமின் ஆயுள் கூடும்.

கேள்வி: தாத்தாவின் புல்லட்டை நானே பிரித்து வேலை செய்ய ஆசை. “பொம்பளப் புள்ளைக்கு அவ்வளவு பலம் ஏது” என்கிறார் சித்தப்பா. (திருநெல்வேலி)

பதில்: சித்தப்பாவை வண்டியைத் தூக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினுக்கு அடியில் ஜாக்கியும் மரக்கட்டையும் கொடுத்து நிறுத்திவிட்டால் மிச்சம் எல்லாம் பொறுமை. பழைய புல்லட்டில் ஹெட்லைட் கூடும் ஃபோர்க்கின் தலையும் ஒரே வார்ப்பு. அதனால் ஒயரிங்குக்கு இடைஞ்சல் வரும். எது எங்கே இருந்தது என்று கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் கழுவுங்கள், பெட்ரோல் வேண்டாம். முடித்ததும் எழுதுங்கள், போட்டோவோடு.

கேள்வி: பள்ளத்தில் விழுந்த பிறகு வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. பைப்பை வீட்டிலேயே நிமிர்த்தலாமா? (ஓசூர்)

பதில்: வளைவைக் கண்டுபிடிப்பது வீட்டில், நிமிர்த்துவது பட்டறையில். தடித்த கண்ணாடி மேல் பைப்பை உருட்டி, பின்னால் டார்ச் அடியுங்கள். இடைவெளியில் வெளிச்சம் வந்து வந்து போனால் வளைவு. ஹோண்டா கையேடுகள் பல 0.2 மி.மீ.தான் எல்லை என்கின்றன. நீண்ட மெல்லிய வளைவைப் பிரஸ்ஸில் எடுக்கலாம். மடிப்பு விழுந்த பைப்பை எடைக்குப் போட்டுவிடுங்கள், அது மறுபடி அங்கேயேதான் மடியும்.

கேள்வி: முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. ஸ்பிரிங் மேல் பிவிசி துண்டு வைத்தால் சரியாகுமா? (நாமக்கல்)

பதில்: உயரும், ஆனால் விறைப்பு அதிகரிக்காது. ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் இரண்டு கால் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: ஹேண்டில்பார் நேராக வந்ததும் ‘டக்’கென்று ஒரு பள்ளத்தில் உட்காருகிறது. ஃபோர்க் கோளாறா? (ஈரோடு)

பதில்: இல்லை, ஹேண்டில்பார் திரும்பும் பேரிங், அதாவது கோன் செட் போய்விட்டது. ஃபோர்க்கை எடுத்த கையோடு அதையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் செய்து மாட்டிவிட்டேன். ஆனால் ஃபோர்க் முன்பைவிட இறுக்கமாக அசைகிறது. எங்கே தப்பு? (புதுக்கோட்டை)

பதில்: ஒருவேளை நீங்கள் மேலிருந்து கீழாக இறுக்கியிருப்பீர்கள். இரண்டு கால்களும் இணையாக நின்றால்தான் வழுக்கும். ஆக்சில் நட்டையும் மட்கார்டு போல்ட்டுகளையும் கிளாம்ப்புகளையும் கொஞ்சம் தளர்த்திவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி நாலைந்து முறை அமுக்கி விடுங்கள். கால்கள் தாமே தங்கள் இடத்துக்கு வரும். பிறகு கீழிருந்து மேலாக இறுக்குங்கள்: முதலில் ஆக்சில், அடுத்து மட்கார்டு, அப்புறம் கீழ்க் கிளாம்ப், கடைசியில் மேல் கிளாம்ப்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உயிர் இருக்கிறது. டிரம் பிரேக் வண்டிகளில் பிரேக் பிளேட்டில் ஒரு பள்ளம் இருக்கும், ஃபோர்க் பாட்டத்தில் அதற்கு ஒரு முண்டு. முண்டு பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். உட்காராமல் ஆக்சிலை இறுக்கினால் சக்கரம் நன்றாகவே சுற்றும், எதுவும் தெரியாது. முதல் முறை பிரேக் பிடிக்கும்போது பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, கேபிளை இழுத்து, முன் சக்கரத்தை அப்படியே பூட்டிவிடும். ஆக்சிலை நுழைக்கும்போது ஒரு முறை, இறுக்கிய பிறகு ஒரு முறை விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். ஏறி உட்காரும் முன் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து, முன் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள்.