எந்தச் சுவரில் எந்தப் படம்

படத்தின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குல உயரத்தில், நிற்பவரின் கண்ணுக்கு நேராக வரவேண்டும் என்பது கலைக்கூடங்களின் கணக்கு. தமிழ்நாட்டு வீடுகளில் ஸ்டூலில் ஏறியவரின் கை எட்டும் இடமே உயரம். பழைய ஓட்டு வீடுகளில் உத்தரத்துக்குக் கீழே, முன்பக்கம் சாய்த்து மாட்டினார்கள். பாயில் உட்கார்ந்தவர் அண்ணாந்து பார்க்க அது தோதாக இருந்தது. சட்டத்துக்குப் பின்னால் சிட்டுக்குருவி கூடு கட்டும். சோபா வந்தபின் மனிதர்கள் ஒன்றரை அடி உயர்ந்துவிட்டார்கள். படங்கள்தான் இன்னும் கீழே இறங்கவில்லை.

ஹாலில் தகராறு அதிகம். மாலை போட்டு, சிவப்புப் பல்பு எரியும் தாத்தா யார் வீட்டுத் தாத்தா என்பதிலேயே குடும்பத்தின் அதிகாரம் தெரிந்துவிடும். முன்னோர் படத்துக்குத் தெற்குச் சுவர் என்பார் வாஸ்துக்காரர். அங்கே டிவி இருக்கும். ஏழு குதிரைப் படத்தில் குதிரைகள் வாசலைப் பார்த்து ஓடினால் காசும் கூடவே ஓடிவிடுமாம். சோபாவுக்கு மேலே மாட்டும் படம் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் எடுப்பாக இருக்கும். பட்டமளிப்பு விழாப் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த அகலம் வராது, பிள்ளையின் மூக்குதான் பெரிதாகும்.

பூஜையறையில் யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, சேர்ந்துவிடுகிறது. ஓவியர் ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியபின் சாமிகள் மலிவு விலையில் வீட்டுக்கு வந்தார்கள். பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜு வரைய, சிவகாசி அச்சடித்துத் தள்ளியது. வருடம் முடிந்தாலும் காலண்டர் சாமியைக் குப்பையில் போட மனம் வராது. முருகன் காலடியிலுள்ள நகைக்கடை விலாசத்தை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டால் அடுத்த சாமி தயார்.

பலாப்பலகையில் தங்கத் தாள் ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஓதமும் நேர்வெயிலும் ஆகாது. மழைக்கு ஊறும் வெளிச்சுவரை விட்டு உட்சுவரில் மாட்டுவது நல்லது. பார்ப்பவர்கள் விலை கேட்பார்கள், அதற்கும் வசதியான இடம் உட்சுவர்தான்.

சமையலறைக்குத் துடைக்கக்கூடிய கண்ணாடிச் சட்டம் வேண்டும். தாளிக்கும் புகையில் அன்னபூரணியே மாநிறமாகிவிடுவாள். தினசரி காலண்டர் அங்கே ஓவியமாகவும் பால் கணக்காகவும் இருக்கிறது.

படுக்கையறைக்கு வெளிர்நிற இயற்கைக் காட்சி பொருந்தும். புதுமணத் தம்பதியின் அறையில் மட்டும், யார் பெற்றதென்று தெரியாத ஒரு கொழுகொழுக் குழந்தையை அத்தை மாட்டிவிட்டுப் போயிருப்பார்.

வாடகை வீட்டில் ஆணிக்கு அனுமதி இல்லை. ஒட்டும் கொக்கிதான் கதி. சுண்ணாம்புச் சுவரில் அது ஒட்டாது. டிஸ்டெம்பர் சுவரில் ஒட்டும், ஆனால் கழற்றும்போது டிஸ்டெம்பரோடு சேர்ந்து வரும்.