காலண்டருக்குப் பின்னால் இரண்டு முட்டை

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துகிறது குடைகிறது என்று அழுவானேன் என்று ஒரு பழமொழி உண்டு. வம்பை விலைக்கு வாங்குகிறவர்களைக் கேலி செய்யத்தான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். எனக்கு அது ஊர்வன வளர்ப்பைப் பற்றித் தமிழில் எழுந்த முதல் கையேடு என்றே படுகிறது. பிராணி எங்கே கிடைக்கும், எதில் வைத்துக்கொள்வது, வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. பின்னால் வந்த நிபுணர்கள் மடியை எடுத்துவிட்டுக் கண்ணாடித் தொட்டியை வைத்தார்கள். குத்தும், குடையும் என்கிற அத்தியாயத்தை மட்டும் வியாபார நலன் கருதி நீக்கிவிட்டார்கள். பெருநகரங்களில் கிளம்பிய ஆசை இப்போது கைபேசி வழியாக எல்லா ஊருக்கும் வந்து சேர்கிறது. வீட்டில் இகுவானா வளர்க்கலாமா, பாம்பு ஒரு ஜோடி வாங்கிக் குஞ்சு பொரித்து விற்கலாமா என்றெல்லாம் யோசிக்கிறார்கள். விசைத்தறி ஊரான எடப்பாடியிலிருந்து யாராவது கேட்டால் என்னிடம் ஒரே பதில்தான். ஐயா, நீங்கள் ஏற்கனவே வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்; இன்னொன்றுக்கு வீட்டில் இடமில்லை.

கண்ணாடித் தொட்டி யாருக்காகப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். ஊர்வனவற்றுக்கு உடம்புக்குள் அடுப்பு கிடையாது. வெயிலைக் கடன் வாங்கித்தான் நடக்க வேண்டும், இரையைச் செரிக்க வேண்டும். பனி பெய்கிற நாட்டில் அந்தக் கடன் கிடைக்காது. அதனால் லண்டன்காரர் ஒரு தொட்டி வாங்கி, சூட்டு விளக்கு மாட்டி, எலும்பு வளைந்துபோகாமல் இருக்கப் புற ஊதாக் கதிர் விளக்கும் மாட்டுகிறார். ஒரு மூலை 32 டிகிரி, எதிர் மூலை 26 டிகிரி என்று இருக்கும்படி ஒரு கருவியைக் காவல் வைக்கிறார். டப்பா டப்பாவாகச் சிள்வண்டும் வாங்கிப் போடுகிறார். இப்படி மாதாமாதம் கரண்ட் பில் கட்டி அவர் உண்டாக்குகிற இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது: எடப்பாடி. இங்கே ஓட்டுக் கூரைக்கு அடியில் ஒரு சூடு, திண்ணையில் ஒரு சூடு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு சூடு. எந்த எலெக்ட்ரீஷியனும் செய்து தராத இந்த ஏற்பாட்டில் பல்லி தனக்கு வேண்டிய டிகிரியைத் தானே தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. சாயங்காலம் டியூப்லைட் எரிந்ததும் பட்டைக்குப் பின்னாலிருந்து வெளியே வரும். கண்ணுக்கு இமை கிடையாது என்பதால் நாக்கை நீட்டி விழியைத் துடைத்துக்கொள்ளும். பிறகு ஈசலுக்குக் காத்திருக்கும். சினைப்பல்லியாக இருந்தால் வயிற்றுத் தோல் வழியாக இரண்டு வெள்ளை முட்டையும் அப்படியே தெரியும்; ஸ்கேன் செலவு இல்லை. அது சொல்லும்போதெல்லாம் தரையைத் தட்டிக் 'கிருஷ்ணா, கிருஷ்ணா' என்று பதில் சொல்லவும் வீட்டில் ஒரு பாட்டி இருப்பார். இத்தனை மரியாதை எந்த நாட்டு வளர்ப்புப் பல்லிக்குக் கிடைத்திருக்கிறது? காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கத்திலும் வெள்ளியிலும் பல்லி வைத்துத் தொட்டுக் கும்பிடுகிற ஜனங்கள் நாம்.

இதெல்லாம் வளர்ப்பில் சேராது, தானாக வந்ததை வளர்த்தேன் என்று சொல்வது மழைக்குக் கணக்கு எழுதுவது போல என்று ஆட்சேபம் வரும். சரி, காசு கொடுத்து வாங்குகிற பிராணியையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு உலகச் சந்தையில் செல்லப்பிள்ளை 'பால் பைத்தான்'. பெயரில் பால் இருக்கிறதே என்று யாரும் கிண்ணம் எடுக்க வேண்டாம். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது. புற்றுக்குள் நாம் ஊற்றுகிற பாலை நாகமும் குடிப்பதில்லை என்பதால் இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் உறவு. மேற்கு ஆப்பிரிக்காவின் எலி வளைகளில் ஒண்டி வாழ்கிற கூச்சப் பிராணி இது. பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வைக் கீழ்த்தாடை எலும்பு வாங்கி உள்காதுக்குச் சேர்க்கும். இப்போது இதை எடப்பாடியில், சுவருக்கு அந்தப் பக்கம் நான்கு விசைத்தறி ஓடுகிற வீட்டில் கொண்டுவந்து வையுங்கள். நாடா ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அதன் தாடையில் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கும். இரண்டு ஷிஃப்டும் யாரோ வந்துகொண்டே இருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் உள்ளே வருவதில்லை! மனசு சரியில்லாவிட்டால் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடப்பது இந்தப் பாம்பின் குணம். அதற்கு எதிரே செத்த எலியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, 'ஒரு வாய், ஒரே ஒரு வாய்' என்று கெஞ்சுவதுதான் வளர்ப்பு என்றால், அந்த வேலையை நம் தாய்மார்கள் சோற்றுக் கிண்ணத்தோடு தெருவில் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பாம்பு வந்து சேர்கிற வழியும் அழகானது அல்ல. 2023 ஜூலை கடைசியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி விமான நிலையத்தில் இறங்கிய ஒருவரின் பெட்டிக்குள் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. சுங்கத்துறை பெட்டியைத் திறந்து எண்ணியது. அந்த இரண்டு பல்லியை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். பல்லியைத் தமிழ்நாட்டுக்கு இறக்குமதி செய்வது நாமக்கல்லுக்கு முட்டை கொண்டுபோவது மாதிரி. முறையாக வைத்திருக்கிறவர்களாலும் இப்போது சும்மா இருக்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தமும் அதன்கீழ் 2024-ல் வந்த விதிகளும், பால் பைத்தான், இகுவானா போன்ற சர்வதேசப் பட்டியல் பிராணிகளை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. பிறந்தால் சொல்ல வேண்டும், செத்தால் சொல்ல வேண்டும், கை மாறினாலும் சொல்ல வேண்டும். நம் ஊர் நட்சத்திர ஆமை கதை இதைவிடக் கறார். அது முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொன்ன முன்னோர், இரண்டையும் தனித்தனி ஆபத்தாக நினைத்திருந்தார்கள். ஒன்றின் பின்னால் மற்றொன்று வரும் என்று சட்டம்தான் திருத்திச் சொல்லியிருக்கிறது.

இனவிருத்தியில்தான் சுவாரசியமே இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. நாமக்கல் பக்கத்துக் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைக்கோழி இனத்தில் பாதிக்குப் பாதி சேவல் குஞ்சு வந்து தொலைக்கும். முட்டை போடாது, கறியும் ஏறாது, அதனால் அதற்கு அங்கே வேலையே இல்லை. கோழிக்கு ஆணா பெண்ணா என்பதைக் கருவிலேயே தாய் தீர்மானித்துவிடுகிறது, மனிதன் ஒன்றும் செய்ய முடியாது. சிறுத்தைப்பல்லி என்கிற புள்ளிப் பல்லியிடம் போனால் கதையே வேறு. அதன் முட்டையை 26 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32-ஐ ஒட்டி வைத்தால் பெரும்பாலும் ஆண், இன்னும் இரண்டு டிகிரி ஏற்றினால் மறுபடியும் பெண். நம் சதுப்புநில முதலையும் இந்த ஜாதிதான். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கிற முதலைப் பண்ணையில் ஆராய்ந்து 1989-ல் எழுதினார்கள்: 31 டிகிரி வரைக்கும் பெண்ணே வரும், 32.5-ல் ஆண். கோழிப்பண்ணைக்காரர் கேட்டால் பெருமூச்சு விடுவார். ஆனால் பெருமூச்சு விடுமுன் அவர் எடப்பாடியின் சித்திரை மாதத்தையும், அதில் மதியம் இரண்டு மணிக்குப் போகிற கரண்ட்டையும் சேர்த்து நினைக்க வேண்டும். அங்கே கருவி திட்டமிட்டது ஆணாக இருக்கும், வெயில் திட்டமிட்டது அவித்த முட்டையாக இருக்கும்.

பொரித்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம், யார் வாங்குவார்கள்? வெள்ளை, மஞ்சள், கோடு, புள்ளி என்று நிறம் நிறமாக இனம் கலந்து விற்பதுதான் உலகம் முழுக்க இந்தத் தொழிலின் உயிர். 1990-களில் அமெரிக்காவில் வெள்ளைப் பால் பைத்தான் ஒன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது. வாங்கியவர் எல்லோரும் குஞ்சு பொரித்து விற்கத்தான் வாங்கினார்கள். அவர்களிடம் வாங்கியவர்களும் அதற்கேதான் வாங்கினார்கள். இன்று அதே பாம்பு அங்கே நூறு, இருநூறு டாலர். இந்தக் கணக்கை விளக்க எனக்குப் பாம்பே தேவையில்லை. சங்ககிரி தாண்டிப் பெருந்துறைப் பக்கம் போனால் போதும். ஈமு என்ற பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிற குடும்பங்கள் கொங்கு நாட்டில் இன்றும் இருக்கின்றன. நடிகர்கள் வந்து விளம்பரம் செய்தார்கள், கரும்பச்சை முட்டையைக் கையில் வைத்துப் படம் எடுத்தார்கள், முதலீட்டுக்கு மாதாமாதம் பணம் என்றார்கள். கறியை யாரும் கேட்கவில்லை. குஞ்சை மட்டும் எல்லோரும் கேட்டார்கள், குஞ்சு விற்க. 2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தபோது, ஆள் உயரப் பறவைகள் பட்டிக்குள் பசியோடு நின்றன. கடைசியில் கால்நடைத் துறைதான் தீவனம் போட வேண்டி வந்தது. ஈமுவிலாவது நஷ்டம் கண்ணுக்குத் தெரிந்தது, வேலிக்கு மேலே தலை நீட்டிப் பார்த்தது. பாம்பில் விழுகிற நஷ்டம் கட்டிலுக்கு அடியில் போய்விடும், தேட வேண்டும்.

பணத்துக்காக இல்லை, அழிகிற இனத்தைக் காப்பாற்றத்தான் என்று நெஞ்சில் கை வைப்பவர்களும் உண்டு. இவர்களுக்கும் வடநெம்மேலிதான் பதில். 1976-ல் ராமுலஸ் விட்டேக்கர் அந்தப் பண்ணையைத் தொடங்கியபோது சதுப்புநில முதலை அருகிக்கொண்டிருந்தது. பாதுகாப்பாக வைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டதும் அது என்ன செய்தது? காட்டில் வருடத்துக்கு ஒரு தடவை முட்டையிடுவது இங்கே இரண்டு தடவை இட்டது. ஆயிரக்கணக்கில் பெருகியது. கொண்டுபோய் விட ஆறும் ஏரியும் இல்லாமல், பெருகாமல் தடுப்பதே பெரிய வேலையானது. 2022-ல் ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. மருத்துவரும் விஞ்ஞானியும் இருக்கிற இடத்துக்கே இந்த நிலைமை. வீட்டு மொட்டை மாடிக்காரர் மிச்சத்தை எங்கே அனுப்புவார்? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அனுப்பிப் பார்த்தார்கள். வளர்த்தவர்கள் அலுத்துப்போய்ச் சதுப்புக் காட்டில் விட்ட பர்மிய மலைப்பாம்பு பெருகி, அங்கிருந்த முயலையும் ரக்கூனையும் ஏறக்குறையத் துடைத்துவிட்டது. மோப்ப நாய், பரிசுத் தொகை என்று எல்லாம் பார்த்துவிட்டு, 2017-ல் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் விமானத்தில் வரவழைத்தார்கள். கையில் ஒரு கடப்பாரை, கண்ணில் தடம் பார்க்கும் பழக்கம், இவ்வளவுதான் அவர்களுடைய தொழில்நுட்பம். இரண்டு வாரம் முடிவதற்குள் 13 பாம்பு பிடித்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. கண்ணாடித் தொட்டி நாகரிகம் கட்ட வேண்டிய கடைசி பில்லை நம் ஆட்கள்தான் போய் வசூலித்தார்கள் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

பாம்பு வளர்ப்பில் மதிக்கத் தக்க ஒரு முறை இருக்கிறது என்றால் அது அந்த இருளர்களுடையதுதான். 1978-ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்தில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் மண்பானையில் வைப்பார்கள். பானைக்குள் மணல், வாயில் காற்றுப் போகிற துணி, அதைச் சுற்றிக் கயிறு. உள்ளே இருட்டு, குளிர்ச்சி, அமைதி, பாம்புக்கு வேறென்ன வேண்டும்? சில வாரங்களில் சில முறை விஷம் எடுத்துக்கொண்டு, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பாம்புக்கடி மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. செல்லப் பெயர் இல்லை, பிறந்தநாள் கேக் இல்லை, போகிற தேதி மட்டும் இருக்கிறது.

குழந்தைகள் இயற்கையைக் கற்றுக்கொள்ள வேண்டாமா என்பது மிஞ்சியிருக்கிற கேள்வி. கற்றுக்கொள்ளட்டும். ஆனால் முதலில் பெரியவர்கள் சொன்னதை மறக்க வேண்டும். அரணை கடித்தால் மரணம் என்று சொல்லி வளர்த்தோம். அரணைக்கு விஷமே கிடையாது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று மரத்தில் ஏறிப் பார்க்கும் என்றோம். அதுவும் அப்பாவிதான், மரத்தில் ஏறுவது பல்லி பிடிக்க. கரும்புக் காட்டில் எலி பிடிக்கிற சாரையை நாகத்துக்குப் புருஷன் என்றோம். இரண்டும் வேறு வேறு இனம். சம்பந்தம் பேச வழியே இல்லை. இத்தனை பேரையும் தடியால் அடித்துவிட்டு ஆஸ்திரேலியப் பல்லிக்குக் கண்ணாடி மாளிகை கட்டுவது, பங்காளியைத் திண்ணையிலிருந்து விரட்டிவிட்டு வெளியூர்க்காரருக்கு லாட்ஜில் ரூம் போடுகிற விருந்தோம்பல். விஷப்பாம்பையும் வீட்டில் விடச் சொல்கிறாயா என்றால், இல்லை. அதற்குத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். நான் பேசுவது மற்றவர்களுக்காக.

எடப்பாடியில் ஒரு வீட்டில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியைப் போய்ப் பாருங்கள். அட்டையின் பின்பக்கத்தில் மனையடி சாஸ்திரம், அதற்குக் கீழே பல்லி விழும் பலன் என்று அச்சடித்திருப்பார்கள். அந்தப் பக்கம் வருடம் முழுக்கச் சுவரைப் பார்த்தே இருக்கும். தலையில் விழுந்தால் கலகம் என்பதைத் தினமும் கிட்டே இருந்து படிக்கிற ஒரே ஜீவன் பல்லிதான். படித்துக்கொண்டே அங்கே இரண்டு முட்டையும் வைத்திருக்கும், சுண்ணாம்பு உருண்டை மாதிரி, சுவரோடு ஒட்டி. அடைகாப்பது இல்லை, சூட்டு விளக்கு இல்லை, பரிவேஷில் பதிவும் இல்லை. ஜனவரி முதல் தேதி பழைய அட்டையைக் கழற்றுகிறபோது உடைந்த ஓடு இரண்டு கீழே உதிரும். கழற்றுகிறவர் 'சை' என்று கையை உதறிவிட்டுத் துடைப்பத்தைத் தேடுவார். அவர் திரும்பி வருவதற்குள், விரல் நீளம்கூட இல்லாத ஒன்று டியூப்லைட் பட்டைக்குப் பின்னால் போய் வாலை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.